ரியோவில் விழுந்த கால், போர்தோவில் எடுத்த கால்: சாரா பெர்னார் – ஒரு நிகழ்வு ஆய்வு

1905 அக்டோபரில், ரியோ டி ஜெனீரோவில், ஒரு நாடகத்தின் கடைசிக் காட்சியில் பிரெஞ்சு நடிகை ஒருவர் கோட்டைச் சுவரிலிருந்து குதித்தார். 1915 பிப்ரவரி 22 அன்று பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவமனை ஒன்றில் அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒன்பது வருடம் நான்கு மாதம். அந்த ஒன்பது வருடத்தில் என்ன நடந்தது, யார் என்ன முடிவெடுத்தார்கள், கால் போனபிறகு அவர் எப்படி எட்டு வருடம் மேடையில் இருந்தார் என்பதைத்தான் இங்கே பதிவு செய்கிறேன்.

நடிகையின் பெயரை மறைத்துப் பயனில்லை. அவர் சாரா பெர்னார் என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். மருத்துவர்கள், உடன் நடித்தவர்கள், மேடை ஆட்கள் ஆகியோரை மட்டும் அவரவர் வேலையைச் சொல்லிக் குறிப்பிடுகிறேன். நான் நாடகக் குழுக்களில் திரைக்குப் பின்னால் பல வருடம் வேலை பார்த்தவன். மருத்துவன் இல்லை. ஆகவே இந்தக் கதையில் என் கண் முதலில் போவது மெத்தை, நாற்காலி, மேசை ஆகியவற்றின் மேல்தான்.

பின்னணி

சாரா 1844 அக்டோபரில் பாரிஸில் பிறந்தார். 1862இல் பிரான்ஸின் அரசு நாடக அரங்கான கொமெதி பிரான்சேஸில் முதன்முதலாக மேடையேறினார். அடுத்த வருடமே மூத்த நடிகை ஒருவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டு வெளியே வந்தார். பிறகு ஓதியோன் அரங்கில் பெயர் எடுத்தார். மறுபடி கொமெதி பிரான்சேஸுக்குப் போனார். 1880இல் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, நஷ்ட ஈடாக ஒரு லட்சம் பிராங்க் தரவேண்டும் என்ற தீர்ப்பையும் வாங்கிக்கொண்டு, ஒரேயடியாக விலகினார். அதே வருடம் முதல் அமெரிக்கப் பயணம். அதிலிருந்து அவர் யாருக்குக் கீழும் வேலை செய்யவில்லை. சொந்தக் குழு, சொந்தக் கடன், சொந்த முடிவு.

அவர் வாழ்க்கையின் வண்ணமான பக்கங்களை, அதாவது சவப்பெட்டியில் படுத்துப் படம் எடுத்துக்கொண்டது, வளர்த்த விலங்குகள், காதல்கள் ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நமக்கு வேண்டியவை மூன்று விஷயங்கள்.

முதலாவது, உடம்பையும் குரலையும் சேர்த்து நடித்தவர் அவர். குரலைத் தங்கக் குரல் என்றார்கள். ஆனால் பார்த்தவர்கள் அதே அளவுக்கு எழுதியது அவருடைய அசைவைப் பற்றி. நிற்கும்போது உடம்பை ஒரு சுருள் போலத் திருகி நிற்பார். சாகும் காட்சிகளில் நின்றபடியே சரிந்து விழுவார். 1900 மார்ச்சில், 55 வயதில், எத்மோன் ரோஸ்தான் எழுதிய ‘லெக்லோன்’ நாடகத்தில் நெப்போலியனின் இளம் மகனாக வெள்ளைச் சீருடை போட்டு நடித்தார். இருபது வயதுப் பையனாகப் பாரிஸ் அவரை நம்பியது. அந்த நம்பிக்கை பெருமளவு கால்களின் வேலை.

இரண்டாவது, பணம். 1899இல் பாரிஸில் சுமார் 1,700 இருக்கை கொண்ட ஒரு பெரிய அரங்கை நீண்ட குத்தகைக்கு எடுத்துத் தன் பெயரையே வைத்தார். நடிகர்கள், தையல்காரர்கள், செட் போடுகிறவர்கள், மகன், பேத்திகள் என்று எல்லோருக்கும் வருமானம் அவர் ஒருவர் மேடையேறுவதால் வந்தது. அரங்கு நஷ்டத்தில் போனால் பயணம் போய்ச் சம்பாதித்துக் கொண்டுவருவார். அவர் ஒரு மாதம் படுத்தால் பலர் வீட்டில் உலை கொதிக்காது. இதை அவர் மறந்ததே இல்லை. கீழே வரும் பல முடிவுகளுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, அவர் காயத்தைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை. 1870இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது, ஓதியோன் அரங்கையே போர் மருத்துவமனையாக்கி, காயம்பட்ட வீரர்களைத் தானே நின்று கவனித்தார். ஒரு காலை எடுப்பது என்றால் என்ன என்பதை அவர் 26 வயதிலேயே பக்கத்திலிருந்து பார்த்திருப்பார்.

ரியோ, அக்டோபர் 1905

நாடகம் விக்தோரியன் சார்து எழுதிய ‘லா தோஸ்கா’. 1887இல் சாராவுக்காகவே எழுதப்பட்டது. முடிவில் நாயகி ரோம் நகரத்துச் சாந்தாஞ்சலோ கோட்டையின் மதில்மேல் ஏறிக் குதித்துவிடுவாள். பார்வையாளருக்குத் தெரிவது அவள் மறைவது மட்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் மெத்தை போட்டிருக்கும்.

சாரா 18 வருடமாகக் குதித்துப் பழகிய குதிப்பு அது. அன்று மெத்தை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்றே சொல்லப்பட்டு வருகிறது. வலது முழங்கால் தரையில் மோதியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கிறேன், ஏனென்றால் இது என் வேலை சம்பந்தப்பட்டது. மேடையில் குதிக்கிறவர் கீழே பார்த்துக் குதிக்க முடியாது. முகம் காட்சியில் இருக்கவேண்டும், கடைசிச் சொல்லைச் சொல்லவேண்டும், அப்புறம் உடம்பை விட்டுவிடவேண்டும். மெத்தை இருக்கும் என்ற நம்பிக்கையில் உடம்பு தளர்ந்துதான் இறங்கும். கட்டாந்தரை என்று தெரிந்து குதிக்கிறவர் முழங்காலை மடக்கி, பாதத்தில் இறங்கி, எடையைப் பகிர்ந்துகொள்வார். மெத்தை என்று நம்பிக் குதிக்கிறவர் முட்டியைக் கொடுத்துவிடுவார். நாலடி உயரம்கூடப் போதும், பலகையில் முட்டி மோதினால் அந்தச் சத்தம் திரைக்குப் பின்னால் எல்லோருக்கும் கேட்கும்.

பயணக் குழுவுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஊருக்கு ஊர் மேடை வேறு, மதிலின் உயரம் வேறு, பொருள் நகர்த்தும் உள்ளூர் ஆட்கள் வேறு. பாரிஸில் இருநூறு முறை செய்த ஆளுக்கு மெத்தை எங்கே என்று சொல்லவேண்டியதில்லை. ரியோவில் அன்று மாலை வந்த ஆளுக்குச் சொல்லவேண்டும். நாடகம் முழுக்க மனப்பாடமாகத் தெரிந்த குழுவில்தான் இந்தச் ‘சொல்லவேண்டும்’ விட்டுப்போகிறது. நடிகைக்கு அப்போது 61 வயது நிரம்பப் போகிறது. யாரும் அதை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் அவரே நினைக்கவில்லை.

முதல் முடிவு: கப்பலில்

கால் வீங்கியது. குழு வட அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. கப்பல் மருத்துவர் பார்க்க வந்தார். அவர் கை அழுக்காக இருந்தது, ஆகவே தொடவிடவில்லை என்று சாராவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நியூயார்க் போய்ச் சேர்கிறவரை சரியான சிகிச்சை இல்லை.

இதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. கிருமி பரவாமல் கை கழுவவேண்டும் என்பது அந்தத் தலைமுறையின் கண்முன் நிலைநாட்டப்பட்ட உண்மை. முற்றுகைக் காலத்தில் வீரர்கள் காயத்தால் செத்ததைவிடக் காயம் புரையோடிச் செத்ததைப் பார்த்தவர் அவர். அழுக்குக் கையை விலக்கியது நியாயம். ஆனால் அந்தக் கையைக் கழுவச் சொல்லியிருக்கலாம், அல்லது காலை ஆட்டாமல் வைக்கவாவது ஏற்பாடு செய்திருக்கலாம். முழுச் சம்மதம், முழு மறுப்பு என்ற இரண்டைத் தவிர மூன்றாவது வழி இருப்பதாக அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

நியூயார்க்கில் கொஞ்ச நாள் படுக்கை. அப்புறம் பயணம் தொடங்கிவிட்டது.

அட்ஜஸ்ட் செய்த வருடங்கள்: 1906 – 1913

அந்த அமெரிக்கப் பயணம் சாதாரணமானதில்லை. நாட்டின் பெரும்பாலான அரங்குகளைக் கையில் வைத்திருந்த முதலாளிகளின் கூட்டமைப்போடு அவருடைய ஏற்பாட்டாளர்கள் மோதிக்கொண்டதால், பல ஊர்களில் அரங்கு கிடைக்கவில்லை. டெக்சாஸில் சர்க்கஸ் போலப் பெரிய கூடாரம் போட்டு நடித்தார்கள். 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தில் தரைமட்டமானது. அடுத்த மாதம் பக்கத்தில் பெர்க்லியின் திறந்தவெளி அரங்கில் பழைய பிரெஞ்சு நாடகாசிரியர் ரசீனின் ‘ஃபேத்ர’ நாடகத்தை நடத்தினார். வலிக்கிற முழங்காலோடு கூடாரத்திலும் கல் படியிலும் ஏறி இறங்கிய ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

கால் ஆறவில்லை. வருடா வருடம் கூடிக்கொண்டே போனது. இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வருகிறது.

அவர் குழு செய்தது என்னவென்றால், மேடையை அவர் காலுக்கு ஏற்ப மாற்றியது. நடக்க வேண்டிய தூரத்துக்கு நடுவில் ஒரு மேசை வந்தது. மேசைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு நாற்காலி வந்தது. கை எட்டுகிற தூரத்தில் எப்போதும் ஒரு மரச்சாமான் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். சாமான் இல்லாத இடத்தில் உடன் நடிக்கிறவரின் தோள் இருந்தது. காதலன் கையைப் பிடிக்கிறான் என்று பார்வையாளர் நினைப்பார்கள், உண்மையில் அவன் பாரத்தைத் தாங்குகிறான். 1913 இறுதியில் நடித்த ‘ழான் தோரே’ நாடகத்தில் பெரும்பகுதி உட்கார்ந்தே இருந்தார். நடுவில் அமெரிக்கப் பல்சுவை அரங்குகளில் முழு நாடகத்தை விட்டுவிட்டு ஒரு அங்கம் மட்டும் நடிக்கும் பழக்கமும் வந்தது.

1912இல் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியாக அவர் நடித்த மௌனப் படம் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கிறது. கடைசிக் காட்சியில் அரசி நின்ற நிலையில் அப்படியே முன்பக்கமாக விழுகிறார். அவர் முன்னால் மெத்தைகள் குவித்து வைத்திருக்கிறார்கள். கேமராவுக்கு நேராக, மறைக்காமல். அரண்மனையில் அவ்வளவு மெத்தை எதற்கு என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றலாம். எனக்கு அதைப் பார்த்தால் ரியோதான் ஞாபகம் வரும். இந்த முறை யாரோ ஒருவர் கவனமாகப் போட்டிருக்கிறார்.

மேசையை நகர்த்தியவர்கள் எல்லோரும் அன்பானவர்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பு ஒரு காரியம் செய்தது: நோயைப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. பார்வையாளருக்குத் தெரியவில்லை, விமர்சகர்களுக்குப் பாதி தெரிந்தது, கொஞ்ச நாளில் குழுவுக்கே அது பழகிவிட்டது. புது நாடகம் என்றால் செட் வரைகிறவரே நாற்காலியைச் சேர்த்து வரைந்துவிடுவார். ‘இந்தக் கால் இப்படியே போனால் என்ன ஆகும்’ என்ற கேள்வி எழவேண்டிய இடத்தில் ‘நாற்காலியை இன்னும் ரெண்டடி தள்ளிப் போடலாமா’ என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. நாடகம் ஓடிக்கொண்டிருந்தது, சரி. கால் போய்க்கொண்டிருந்தது.

ஆந்தர்னோ, 1914

1914இல் அவருக்குப் பிரெஞ்சு அரசின் உயர்ந்த விருதான லெஜியோன் தொனர் கிடைத்தது. அதே வருடம் ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது, புகழ்பெற்ற அவரைப் பணயக்கைதியாகப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். அவர் பாரிஸை விட்டு, தென்மேற்குக் கடலோரத்தில் அர்க்காஷோன் விரிகுடாவில் இருக்கும் ஆந்தர்னோ என்ற சிற்றூருக்கு வந்தார். வாடகை வீடு.

முழங்காலை அசையாமல் வைத்தால் குணமாகும் என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். மாதக்கணக்கில் அந்தக் கட்டு. வலி குறையவில்லை. திறந்து பார்த்தபோது தசை அழுக ஆரம்பித்திருந்தது. பென்சிலின் கண்டுபிடிக்கப்பட இன்னும் 13 வருடம் இருந்தது. அழுகல் மேலே ஏறினால் உயிர் போகும் என்பது அன்றைக்கு எந்த மருத்துவருக்கும் தெரிந்த விஷயம்.

இரண்டாவது முடிவு: கடிதம்

பாரிஸில் ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். சாராவின் பல வருட நண்பர், 1898இல் அவர் வயிற்றில் அறுவை செய்தவர். சாரா அவருக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இது. என் காலை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வெட்டிவிடுங்கள், மறுத்துப் பேசாதீர்கள். எனக்கு இன்னும் பத்து, பதினைந்து வருட வாழ்க்கை மீதி இருக்கலாம். அதை வலியில் கழிக்கச் சொல்வது ஏன்? சும்மா கிடப்பது எனக்கு ஆகாது. கட்டைக்கால் வைத்துக்கொண்டாவது வாசிப்பும் உரையும் நடத்துவேன். நீங்கள் மாட்டேன் என்றால் முட்டியில் நானே துப்பாக்கியால் சுட்டுக்கொள்வேன், அப்போது வெட்டித்தானே ஆகவேண்டும்.

70 வயதில் இப்படி ஒரு கடிதம். மிரட்டலாக முடிந்தாலும், கணக்குப் போட்டு எழுதிய கடிதம் அது. ஒரு பக்கம் கால், மறுபக்கம் மீதி இருக்கும் வருடங்கள், அந்த வருடங்களில் செய்யக்கூடிய வேலை. வேலை என்ற சொல் வந்ததும் தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தெரிந்துவிடுகிறது. ஒன்பது வருடமாகத் தள்ளிப்போட்டதும் அதே வேலைக்காகத்தான், இப்போது வெட்டச் சொல்வதும் அதே வேலைக்காகத்தான். அவர் மனம் மாறவில்லை. அன்று கால் வேலைக்கு உதவியது, இன்று தடுத்தது.

நண்பரான மருத்துவர் தானே கத்தியை எடுக்கவில்லை. போர்தோவில் இருந்த வேறொரு அறுவை மருத்துவரிடம் ஒப்படைத்தார். இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். 70 வயதுக்காரருக்குத் தொடையில் வெட்டுவது அன்றைக்கு உயிரோடு விளையாடுகிற காரியம். நெருங்கிய நட்பு இருக்கும் இடத்தில் கை நடுங்கும், அல்லது வெட்டவேண்டிய இடத்தை ஒரு அங்குலம் கீழே தள்ளச் சொல்லி மனம் கெஞ்சும். வேண்டாம் என்று நோயாளியைத் தடுக்காமல், நானே செய்கிறேன் என்று வீம்பும் பிடிக்காமல், சரியான கைக்கு மாற்றிவிட்டது பெரிய காரியம்.

அறுவை, 22 பிப்ரவரி 1915

போர்தோ மருத்துவமனைகளில் அப்போது போர்முனையிலிருந்து வந்த இளைஞர்கள் நிறைந்திருந்தார்கள். கை, கால் எடுப்பது அன்றாட வேலையாகியிருந்தது. அந்தச் சூழலில் இன்னொரு கால்.

சாராவுக்கு ஈதர் கொடுத்து மயக்கியவர் ஒரு பெண். அவர் விட்டுச்சென்ற விவரிப்பில் வெள்ளை சாட்டின் அங்கியும் இளஞ்சிவப்பு மெல்லிய துணியும் உடுத்தி நடிகை அறுவை அரங்குக்குக் கொண்டுவரப்பட்டார் என்று வருகிறது. மகனை அழைத்து முத்தமிட்டார். மூச்சுமூட்டுகிறது என்று மயக்கத்துக்கு முன் முறையிட்டார். அலங்காரமாக உள்ளே வந்ததைச் சிலர் நாடகம் என்பார்கள். அவருக்கு அரங்குக்குள் நுழைவது என்றால் அப்படித்தான். பயத்தைக் கையாள ஒவ்வொருவருக்கும் ஒரு வழி இருக்கிறது, அவர் வழி உடை.

கால் முழங்காலுக்கு மேலே எடுக்கப்பட்டது. புண் ஆறியது. அவர் பிழைத்தார்.

இங்கே ஒரு கட்டுக்கதையைத் திருத்த வேண்டும். வெட்டிய காலைக் காட்சிக்கு வைக்க அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பார்னம் பெரும்தொகை தருவதாகத் தந்தி அடித்தார் என்று இன்றும் எழுதுகிறார்கள். பார்னம் 1891இலேயே இறந்துவிட்டார்.

பிறகு நடந்தது

கட்டைக்கால் பழகிப் பார்த்தார். ஒத்துவரவில்லை, விட்டுவிட்டார். அக்குளில் வைக்கும் ஊன்றுகோலும் வேண்டாம், சக்கர நாற்காலியும் வேண்டாம் என்றார். பதிலாகப் பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயி காலத்துப் பாணியில், வெள்ளைப் பூச்சும் பொன் வேலைப்பாடும் கொண்ட ஒரு தூக்குநாற்காலி செய்யச் சொன்னார். பக்கத்துக்கொரு கம்பு, முன்னும் பின்னும் ஆள். பல்லக்கு மாதிரிதான்.

முன்பு மேசைக்குப் பின்னால் ஒளித்த காலை இப்போது அவர் ஒளிக்கவில்லை. பாரிஸ் முழுக்கப் பார்க்கும்படி பொன் பூசிய நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனார்கள். இதுதான் அறுவைக்கு முன்னும் பின்னும் உள்ள பெரிய வேறுபாடு என்பது என் கருத்து. ஒளிக்கவேண்டிய தேவை போனதும், ஏற்பாடுகளை வெளிப்படையாகத் திட்டமிட முடிந்தது. எந்த வேடம் முடியும், எது முடியாது என்று உட்கார்ந்து பேச முடிந்தது.

அதே வருடம் நவம்பரில், அறுவை முடிந்து ஒன்பது மாதம்கூட ஆகாத நிலையில், தன் அரங்கில் மேடையேறினார். போரில் இடிந்த பேராலயங்கள் பேசுவதாக அமைந்த கவிதை நாடகம். அவர் ஸ்த்ராஸ்பூர் பேராலயம். பேராலயம் நடக்கவேண்டியதில்லை. உட்கார்ந்தபடி பேசி, கடைசி வரிகளில் மட்டும் ஒற்றைக் காலில் எழுந்து நின்றார்.

1916இல் போர்முனைக்குப் போனார். உடன் சென்ற கொமெதி பிரான்சேஸின் இளம் நடிகை எழுதிவைத்த குறிப்புகள் எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த பகுதி. ஒதுக்குப்புறமான ஓர் அறையில் உடை மாற்ற உதவியபோது, சாரா இவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போனாராம். கினிக்கோழி மாதிரி இருக்கிறேனா என்று சொல்லிச் சிரித்தாராம். பரிதாபம் காட்டப்போன இளம் நடிகைக்கு அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அப்புறம் கொமெர்சி ஊரின் சந்தைக் கொட்டகை. ஒப்புக்குப் போட்ட மேடை, பழைய சாய்வு நாற்காலி ஒன்று, எதிரே படைவீரர்கள். பலர் அவரைப் பார்த்ததே இல்லை. திரை விலகியபோது நாற்காலியில் ஒரு மெலிந்த கிழவி. முதலில் பெரிய வரவேற்பு இல்லை. பேசத் தொடங்கினார். முடிக்கும்போது மொத்தக் கொட்டகையும் எழுந்து நின்றது.

வீரர்கள் எழுந்ததற்கு நாட்டுப்பற்று வசனம் மட்டும் காரணமாக இருந்திருக்காது. நாளைக்குத் தங்கள் காலும் போகலாம் என்று அறிந்த இளைஞர்கள் அவர்கள். கால் போனபின் ஒரு மனுஷி வேலைக்கு வந்திருப்பதைக் கண்ணால் பார்த்தார்கள்.

1916 இறுதியில் கடைசி அமெரிக்கப் பயணம். 1918 வரை நீண்டது. நடுவில் நியூயார்க்கில் சிறுநீரகக் கோளாறுக்காக ஓர் அறுவை. தேர்ந்தெடுத்த பாத்திரங்களைப் பாருங்கள்: ஷேக்ஸ்பியரின் நீதிமன்றக் காட்சியில் போர்ஷியா, போர்க்களத்தில் விழுந்து கிடக்கும் பிரெஞ்சு வீரன். கிடக்கிற வீரனுக்குக் கால் இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்? 1920இல் ரசீனின் ‘அத்தாலி’யாக நடித்தபோது அரசியைப் பல்லக்கில் சுமந்து மேடைக்குக் கொண்டுவந்தார்கள். வாழ்க்கையில் இருந்த நாற்காலி நாடகத்துக்குள் வந்துவிட்டது. அதே வருடம் இன்னொரு நாடகத்தில் போதைக்கு அடிமையான முப்பது வயது இளைஞன் வேடம். உட்கார்ந்தே நடித்தார். வயது 76.

1922 டிசம்பரில் ஒரு புது நாடகத்தின் இறுதி ஒத்திகை நேரத்தில் மயங்கி விழுந்தார். பிறகு அரங்குக்குப் போகவில்லை. ஒரு படத்துக்கு ஒப்புக்கொண்டிருந்ததால், 1923 மார்ச்சில் கேமராவையும் விளக்குகளையும் பாரிஸில் அவர் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து நடித்துக்கொண்டிருந்தார். சிறுநீரகம் செயலிழந்து, மார்ச் 26 அன்று மகன் கையில் இறந்தார். பெர் லஷேஸ் கல்லறைக்குப் போன ஊர்வலத்தைப் பார்க்கத் தெரு கொள்ளாத கூட்டம். படம் மீதி நாட்களுக்கு வேறு ஒருவரை வைத்து முடிக்கப்பட்டது.

எது மாறவேண்டும்

மெத்தையிலிருந்து தொடங்குகிறேன். குதிப்பு உள்ள நாடகத்தில் மெத்தைக்கென்று ஒரு ஆள் வேண்டும், அந்தக் காட்சியில் அவருக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது. பயணத்தில் புது ஊர் என்றால், குதிக்கிறவர் அன்று மாலை ஒருமுறை நாடக உடை போடாமல் சாதாரண உடையில் குதித்துப் பார்க்கவேண்டும். நூறாவது காட்சி என்றால் இரண்டு முறை குதித்துப் பார்க்கவேண்டும், ஏனென்றால் அப்போதுதான் எல்லோரும் அசட்டையாக இருப்பார்கள். இதெல்லாம் பத்து நிமிட வேலை.

இரண்டாவது, காயப்பட்டவர் குழுவின் முதலாளியாகவும் இருக்கும்போது ‘இன்றைக்கு நடிக்காதீர்கள்’ என்று சொல்ல யாருக்கும் தைரியம் வராது. சாராவின் குழுவில் அப்படிச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. சம்பளம் கொடுக்கிறவரைச் சம்பளம் வாங்குகிறவர் நிறுத்த முடியாது. அந்த உரிமையை முன்கூட்டியே, எல்லோரும் நலமாக இருக்கும்போதே, ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். காயத்துக்குப் பிறகு கொடுத்தால் அது சண்டையாகிவிடும். மாற்று நடிகர் தயாராக இருக்கவேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. சாராவுக்கு மாற்று யாரும் இல்லை என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் 1905 இறுதியில் மூன்று மாதம் குழு வேறு நாடகம் போட்டிருந்தால், முழங்காலுக்கு ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும்.

மருத்துவத்தில், ஒன்பது வருடக் கோளாறுக்குக் கடைசி நேரத்தில் மாவுக்கட்டு என்பதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கடிதத்தை மருத்துவர்கள் எடுத்துக்கொண்ட விதத்தில் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. எனக்கு என்ன வேலை மீதி இருக்கிறது, அதற்கு இந்தக் கால் உதவுமா என்று ஒரு நோயாளி கணக்குப் போட்டுக் கேட்டார். அவர்கள் அந்தக் கணக்குக்குப் பதில் கொடுத்தார்கள்.

கடைசியாக, நாற்காலி. வலிக்கிற நடிகருக்காகச் செட்டை மாற்றுவதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன், நானே எத்தனையோ முறை செய்திருக்கிறேன். யாரும் கேட்காமலே நகர்த்திவிடுவோம், அதுதான் நல்ல மேடை ஆளின் லட்சணம் என்று நினைத்திருந்தேன். சாராவின் கதையைப் படித்தபிறகு எங்கள் குழுவின் ஒத்திகை நோட்டில் ஒரு பத்தி சேர்த்தோம். யாருக்காக எந்தச் சாமான் நகர்த்தப்பட்டது, எந்தத் தேதியில், திரும்பப் பழைய இடத்துக்கு எப்போது போனது. மூன்று வாரத்துக்கு மேல் பழைய இடத்துக்குப் போகாத நாற்காலி எதுவோ, அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு சம்பந்தப்பட்டவரிடம் போய் உட்கார்ந்து பேசுகிறோம். போன வருடம் ஒரு மேசையால் ஒருவர் எலும்பு மருத்துவரிடம் போனார். இப்போது அவர் படி ஏறுகிறார். மேசை மறுபடி இடதுபக்கம் போய்விட்டது.